உஷார்! ரோபோ நின்றாலும் மேசை சுற்றும்

ரோபோ வெல்டிங் வைத்திருக்கும் பட்டறைக்காரர்களே, கையிலிருக்கும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். உங்கள் ரோபோவுக்கு முன்னால் சுற்றுகிற மேசை ஒன்று இருக்கிறதா? ரொட்டேட்டர், பொசிஷனர், டர்ன்டேபிள் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி. அந்த மேசையின் மோட்டாரை ரோபோவின் கன்ட்ரோலரில் கட்டாமல், தனி டிரைவ், தனி பேனல் என்று வெளியிலிருந்து ஓட்டுகிறீர்களா? அப்படியானால் டீச் பெண்டன்ட்டில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் ரோபோ நிற்கும். மேசை நிற்குமா?

"நிக்கும்ணே, அதெல்லாம் நிக்கும்" என்று பட்டென்று பதில் வருகிறது. அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னதா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்குப் பயமே அங்கேதான்.

நான் சொல்வது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர். சேலத்து ஆத்தூர் இல்லை. காமராசர் அணையை ஒட்டி நெல்லும் தென்னையுமாக இருக்கிற ஊர். இங்கே எதற்கு ரோபோ பேச்சு என்று கேட்பவர்கள் சாலையோரம் கொஞ்சம் பார்த்துக்கொண்டே போக வேண்டும். செம்பட்டி, சின்னாளபட்டி, அப்படியே திண்டுக்கல் வரைக்கும் கேட், கிரில், டிரெய்லர், கலப்பை, இரும்புப் பெட்டகம் என்று வெல்டிங்கை நம்பிப் பிழைக்கிற பட்டறைகள். கைதேர்ந்த வெல்டர் கிடைப்பது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிறது. பெரிய ஆலைகள் ஓட்டிக் கழித்த பழைய ரோபோ கைக்கு எட்டும் விலையில் சந்தைக்கு வருகிறது. சர்வதேச ரோபோ கூட்டமைப்பின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 8,510 தொழிற்சாலை ரோபோக்கள் நிறுவப்பட்டன. தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதுப்பித்திருக்கிறது; அங்கே நம் வீட்டுப் பிள்ளைகள் ரோபோ ஓட்டப் படிக்கிறார்கள். இந்த வளர்ச்சி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் பதறுகிறேன்.

ரோபோ வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் ஒரே குறை எழும். ஆறு அச்சில் வளைகிற கையாக இருந்தாலும், ஒரு குழாயைச் சுற்றி முழு வட்டம் வெல்டிங் அடிப்பது அதற்குச் சிரமம். டார்ச் கேபிள் முறுக்கிக்கொள்ளும். குழாயின் அடிப்பக்கத்துக்குக் கை எட்டாது. எட்டினாலும் தலைக்கு மேலே அடிக்கிற நிலையில் உருகிய உலோகம் வழியும். பொருளையே சுற்றிவிட்டால் டார்ச் ஓரிடத்தில் நின்றபடி முழு வட்டத்தையும் சுகமாக அடித்து முடிக்கும். ஏழாவது அச்சு என்று சொல்வது இதைத்தான். உலகமெங்கும் செய்கிறார்கள், யோசனையில் குற்றமே இல்லை.

முறைப்படி செய்வதென்றால் ரோபோ கம்பெனி ஒத்துக்கொள்ளும் சர்வோ மோட்டாரை, அதற்கான ஆம்ப்ளிஃபயரில் கட்டி, கன்ட்ரோலரில் அதற்குரிய மென்பொருளைத் திறந்து, ஆறோடு ஏழாக ஓட்ட வேண்டும். அப்போது மேசை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ரோபோவுக்கு ஒவ்வொரு நொடியும் தெரியும். ஆனால் அந்த விலைப்பட்டியல் கைக்கு வந்ததும் பட்டறைக்காரர் உட்கார்ந்துவிடுவார். பழைய கன்ட்ரோலரில் இன்னொரு ஆம்ப்ளிஃபயருக்கு இடமும் இருக்காது. மென்பொருளுக்குத் தனிக் கட்டணம் வேறு. அப்போதுதான் யாராவது வந்து சொல்வார்கள்: "எதுக்குண்ணே அவ்வளவு செலவு? கோயமுத்தூர்ல ஒரு வார்ம் கியர்பாக்ஸ் எடுத்து, மோட்டாரப் போட்டு, வி.எஃப்.டி.ல ஓட்டிரலாம். ரோபோவுல இருந்து ஒரு அவுட்புட் வந்தாப் போதும், ஸ்டார்ட் ஸ்டாப் ஆயிரும்."

ஆகும். முதல் நாளே அழகாக ஓடும். ஓடுகிற ஒரே காரணத்தால் அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

ரோபோவோடு வருகிற காவல் எல்லாம் அந்தக் கன்ட்ரோலர் ஓட்டுகிற மோட்டார்களுக்கு மட்டுமே. வெளியே நீங்கள் வைத்த மேசை அந்தக் காவலுக்குள் இல்லை. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டுக்கு மட்டும் மூக்கணாங்கயிறு போட்ட நிலைமை இது.

டீச் பெண்டன்ட்டின் பின்பக்கம் டெட்மேன் சுவிட்ச் இருக்கிறதல்லவா, அதை எதற்கு மூன்று நிலையாக வைத்தார்கள்? நடுவில் பதமாகப் பிடித்தால் மட்டும் ரோபோ ஓடும். விட்டுவிட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். ஆபத்தில் மனிதனின் கை இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். டீச் மோடில் வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 10218 சொல்கிறது. ஆள் பார்த்து, புரிந்து, விலகிக்கொள்ள அவகாசம் வேண்டுமே, அதற்குத்தான். இப்போது உங்கள் மேசைக்கு வாருங்கள். ஒன்றரை மீட்டர் குறுக்களவு, நிமிடத்துக்கு 10 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்குச் சாதுவான வேகம். கணக்குப் போட்டால் அதன் விளிம்பு நொடிக்கு 785 மில்லிமீட்டர் ஓடுகிறது. அனுமதித்த எல்லையைப்போல் மும்மடங்கு. அதன்மேல் ஜிக், கிளாம்ப் கைப்பிடி, நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு முனை எல்லாம் உண்டு.

இதில் ஏமாற்றுகிற விஷயம் இன்னொன்று. வெல்டிங் நடக்கும்போது மேசை மிக மெதுவாகச் சுற்றும். 200 மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு 400 மில்லிமீட்டர் வேகத்தில் அடித்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகிறது. அதையே நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய கண், "இது என்ன செய்துவிடும்" என்று முடிவு கட்டிவிடுகிறது. அடித்து முடித்ததும் மேசை தொடக்க இடத்துக்குத் திரும்பும்போது அதே சுற்றை 6 நொடியில் முடிக்கும். கை உள்ளே இருப்பது அந்த நேரம் பார்த்துத்தான். வெல்டிங் முடிந்ததே, தட்டிப் பார்க்கலாம் என்று.

ஆத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். டிரெய்லர் அச்சுக்குழாயில் விளிம்புத் தகட்டைச் சுற்றி வெல்டிங் அடிக்கும் வேலை. ஐ.டி.ஐ. முடித்த தம்பி ஒருவன் இடது கையில் பெண்டன்ட்டைப் பிடித்துக்கொண்டு, டார்ச் முனைக்கும் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். டெட்மேன் நடுநிலையில் இருந்தது. புரோகிராமில் அடுத்த வரியை ஓட்டினான். அது மேசைக்குப் போகிற அவுட்புட்டை ஆன் செய்யும் வரி. மேசை முழு வேகத்தில் கிளம்பிவிட்டது. கிளாம்பின் கைப்பிடி அவன் சட்டையைத் தோளில் கிழித்துக்கொண்டு போனது. இன்னும் ஒரு சாண் குனிந்திருந்தால் தலை. பையன் டெட்மேனை விட்டான், சிவப்புப் பொத்தானையும் அறைந்தான். ரோபோ அப்படியே நின்றது. மேசை அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. வேலிக்கு வெளியே நின்ற வயதான வெல்டர் ஓடிப்போய் பேனல் மெயினை இறக்கினார்.

"டெட்மேன விட்டுட்டேண்ணே. விட்டும் சுத்துதுண்ணே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. படித்தபடிதான் செய்தான். பெரும்பாலான ரோபோக்களில் புரோகிராம் நின்றுபோனாலும் ஒருமுறை ஆன் ஆன அவுட்புட் ஆனிலேயே இருக்கும். அந்த அவுட்புட்டை நம்பி மேசை மோட்டாரை ஓட்டுகிற டிரைவான வி.எஃப்.டி.க்கு யார் டெட்மேனை விட்டார்கள் என்று எப்படித் தெரியும்?

ரோபோ ஆளைக் கொன்ற செய்திகளைத் தேடிப் படித்தால் ஒரே மாதிரி கதை திரும்பத் திரும்ப வருவது தெரியும். 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி இறந்தார்; ரோபோ எடுத்து வர வேண்டிய உதிரிபாகங்களை எடுக்கத் தானே அடுக்கில் ஏறினார், இயந்திரக் கை பின்னாலிருந்து அடித்தது. 1981இல் ஜப்பானின் அகாஷி நகரில் கவாசாகி ஆலையில் பராமரிப்புத் தொழிலாளி ஒருவர் வேலியைத் தாண்டி உள்ளே போனார். கேட்டைத் திறந்திருந்தால் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட்டிருக்கும். ரோபோவின் கை அவரைப் பக்கத்திலிருந்த பல்சக்கரம் வெட்டும் இயந்திரத்தோடு சேர்த்து அழுத்திவிட்டது. 2015இல் ஜெர்மனியின் பவுனாட்டலில் வோக்ஸ்வாகன் ஆலையில் இறந்த இளைஞர், ரோபோவைப் புதிதாக நிறுவிக்கொண்டிருந்தவர். அதே வருடம் ஆகஸ்ட் மாதம் நம் நாட்டிலேயே ஹரியானாவின் மானேசரில் 24 வயதுத் தொழிலாளி ஒருவர் வெல்டிங் ரோபோவால் உயிரிழந்தார். விலகிப்போன ஒரு தகட்டைச் சரிசெய்யத்தான் அவர் கிட்டே போனார்.

அந்தத் தகட்டை நினைத்துப் பாருங்கள். நம் பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தகடு விலகுகிறது, எத்தனை தடவை உள்ளே எட்டி ஒரு தட்டு தட்டுகிறோம்? அமெரிக்காவில் 1992 முதல் 2017 வரை ரோபோ சம்பந்தப்பட்ட 41 மரணங்களை அங்குள்ள அரசு ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். பெரும்பாலானவற்றில் ரோபோ தன் சக்தியில் ஓடிக்கொண்டிருந்தபோதே ஆளை அடித்திருக்கிறது. பராமரிப்பு வேலையின்போது நடந்தவை அவற்றில் நிறைய. அகாஷியில் அழுத்தியது ரோபோ, நசுங்கியது பக்கத்து இயந்திரத்தில். நீங்கள் ரோபோவுக்குப் பக்கத்தில் சுற்றுகிற இயந்திரத்தையே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் பேனலைத் திறந்து பார்க்க வேண்டும். ரோபோ கன்ட்ரோலரில் வெளி எமர்ஜென்சிக்கென்றும் வேலிக் கதவுக்கென்றும் தனித்தனி டெர்மினல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரண்டு வழி. ரோபோவை முதலில் ஓட்டிப் பார்ப்பதற்காக அந்த டெர்மினல்களில் சின்னக் கம்பித் துண்டுகளை ஜம்பராகப் போடுவது வழக்கம். வேலி போட்டு, கதவு சுவிட்ச் கட்டும்போது அந்த ஜம்பரைக் கழற்றிவிட வேண்டும். பழைய ரோபோவை லாரியில் ஏற்றி வந்து அவசரமாக நிறுவுகிற இடங்களில் அது கழறாமல் அப்படியே கிடக்கும். வேலி இருக்கும், கதவு இருக்கும், கதவில் சுவிட்ச் கூட இருக்கும். திறந்தால் ஒன்றும் நிற்காது. விரல் நீளக் கம்பி அது. இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

அடுத்தது மேசையின் டிரைவ். பி.எல்.சி. புரோகிராம் வழியாக "ஸ்டாப்" சொன்னால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். புரோகிராம் தொங்கிப்போகலாம், ஒரு ரிலே ஒட்டிக்கொள்ளலாம். இரட்டை வழி சேஃப்டி ரிலே ஒன்று நடுவில் இருக்க வேண்டும். பெண்டன்ட்டின் பொத்தான், பேனல் பொத்தான், கேட் சுவிட்ச் எது விழுந்தாலும் அந்த ரிலே ரோபோவையும் நிறுத்த வேண்டும், மேசை டிரைவின் முறுக்குவிசையையும் துண்டிக்க வேண்டும். எஸ்.டி.ஓ. என்று டிரைவிலேயே அதற்கான முனைகள் இப்போது பல மாடல்களில் வருகின்றன. இல்லாத பழைய டிரைவ் என்றால் வரிசையாக இரண்டு காண்டாக்டர். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது விடும். டீச் மோடில் டெட்மேனை விட்டால் மேசையும் நிற்கிறபடி கட்டுங்கள். அந்த மோடில் மேசைக்குத் தனியாக மெது வேகம் வையுங்கள். மேசைப் பக்கம் வைத்த பொத்தானை அழுத்தினால் ரோபோவும் நிற்க வேண்டும். ஒருவழிப் பாதையாக மட்டும் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டியாயிற்றா? நம்பாதீர்கள், சோதியுங்கள். மேசையிலிருந்து ஜிக்கைக் கழற்றிவிட்டு, எல்லோரும் வேலிக்கு வெளியே வந்துவிட வேண்டும். மேசை விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு, அசையாத சட்டத்தில் நேர் எதிரே ஒரு கோடு. முழு வேகத்தில் சுற்றவிட்டு, இரண்டு கோடும் சந்திக்கிற நேரத்தில் பொத்தானை அழுத்துங்கள். நின்ற பிறகு மெயினை இறக்கிவிட்டு, மேசைக் கோடு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்தாலும் கனமான மேசை அந்த இடத்திலேயே நிற்காது. வேகம் தீரும் வரை ஓடும். 10 சுற்று வேகத்தில் ஒரு நொடி ஓடினால்கூட விளிம்பு முக்கால் மீட்டர் வரைக்கும் போகக்கூடும். ஐ.எஸ்.ஓ. 13855, ஆள் நொடிக்கு 1,600 மில்லிமீட்டர் வேகத்தில் நெருங்குவார் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. மேசை நிற்க ஒரு நொடி எடுத்தால் கேட் குறைந்தது 1.6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அல்லது மேசை நிற்கும் வரை திறக்காத பூட்டு கேட்டில் வேண்டும். இடநெருக்கடியில் வேலியை மேசையோடு ஒட்டி வைத்திருக்கிற பட்டறைகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஜிக்கையும் பொருளையும் ஏற்றிய பிறகு இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். எடை கூடினால் தூரமும் கூடும். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்றை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை: கரண்ட் போய்ப் போய் வருவது. கரண்ட் போனால் ரோபோவும் நிற்கும், மேசையும் நிற்கும். இருட்டில் அந்த இடைவெளியில்தான் ஆள் உள்ளே போவார், சிக்கிய கம்பியை வெட்ட, தகட்டை நிமிர்த்த. கரண்ட் திரும்ப வந்ததும் ரோபோ தானாகக் கிளம்பாது. யாராவது ரீசெட் செய்து ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். வி.எஃப்.டி. அப்படி இல்லை. ஸ்டார்ட் சிக்னல் ஒரு சுவிட்சிலோ பூட்டிக்கொண்ட ரிலேயிலோ அப்படியே நின்றிருந்தால், மின்சாரம் வந்த சில நொடியில் அது மேசையைச் சுற்றத் தொடங்கிவிடக்கூடும். ஜெனரேட்டருக்கு மாற்றும்போதும் இதே கதை. டிரைவின் அமைப்பில் "மின்சாரம் வந்ததும் தானாக ஓடு" என்பதை அணைத்துவிடுங்கள். அது மட்டும் போதாது. கரண்ட் போனால் விழுந்துவிட்டு, ஆள் வந்து பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் எடுக்கிற காண்டாக்டராகக் கட்டச் சொல்லுங்கள். மெயினை இறக்கிய பிறகும் டிரைவுக்குள் மின்தேக்கிகளில் சாகடிக்கிற அளவு மின்சாரம் சில நிமிடம் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் ஸ்க்ரூடிரைவரை நுழைக்காதீர்கள்.

பூட்டு. திண்டுக்கல்காரர்களிடம் பூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம்முடையது. ஆனால் மெயின் சுவிட்சை இறக்கி அதில் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போகிற ஒருவரைக்கூட நம் பட்டறைகளில் நான் பார்த்ததில்லை. உள்ளே இரண்டு பேர் போனால் இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும் வரை மெயின் ஏறக்கூடாது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வெளியில் நிற்பவர் ஸ்டார்ட் கொடுக்கிற விபத்தை இதைவிட மலிவாகத் தடுக்கிற சாதனம் எதுவும் இல்லை. ரோபோவுக்கு ஒரு மெயின், மேசைக்கு ஒரு மெயின் என்று இரண்டு இருக்கும். இரண்டிலும் போட வேண்டும்.

ஆள் எதற்காக அடிக்கடி உள்ளே போக நேர்கிறது என்றும் பார்க்க வேண்டும். பாதிக் காரணம் மலிவான கியர்பாக்ஸ். கியர்பாக்ஸில் இருக்கும் ஆட்டத்தைக் கலையின் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. 15 கலை ஆட்டம் என்றால் அற்பமாகத் தோன்றும். அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி அது 2.2 மில்லிமீட்டர். நீங்கள் போடுகிற வெல்டிங் கம்பியின் தடிமனே 1.2 மில்லிமீட்டர்தான். அப்புறம் வெல்டிங் எப்படி இணைப்பில் விழும்? விழாது, ஆள் உள்ளே போய்த் தட்டுவார், நகர்த்துவார், ஓட்டிக்கொண்டே பார்ப்பார். படுக்கை அச்சில் சுற்றுகிற மேசையானால் இன்னும் மோசம். 150 கிலோ பொருளின் எடைமையம் அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் விலகியிருந்தால் 147 நியூட்டன் மீட்டர் முறுக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அரைச் சுற்று மோட்டார் தூக்க வேண்டும், அடுத்த அரைச் சுற்றில் பாரம் மோட்டாரைத் தள்ளும். அந்த மேசையில் மின்சாரத்தைத் துண்டித்தால் பாரம் தன் இஷ்டத்துக்குக் கீழே வரும். வார்ம் கியர் தானே பிடித்துக்கொள்ளும் என்பதை நம்பி ஆளை அடியில் அனுப்பாதீர்கள். அதிர்விலும் தேய்மானத்திலும் அந்தப் பிடி விட்டுப்போகும். மின்சாரம் போனால் தானாகப் பிடிக்கிற பிரேக் கட்டாயம்.

எர்த் கிளாம்ப்பை மேசைச் சட்டத்தில் மாட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். 200 ஆம்பியர் திரும்பிப் போக வழி தேடி, மேசை பேரிங்கின் குண்டுகள் வழியாகப் போகும். குண்டில் பொத்துப் பொத்தாகக் குழி விழும், ஆட்டம் இன்னும் கூடும். சுற்றுகிற அச்சிலேயே உரசுகிற தாமிர பிரஷ் வைத்து எர்த்தை எடுக்க வேண்டும். வெல்டிங் கேபிளையும் சென்சார் ஒயரையும் ஒரே டையில் கட்டி இழுத்திருந்தால், மேசை நின்ற இடம் பற்றிய சிக்னல் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி ரோபோ டார்ச்சோடு உள்ளே வரும். "மூணு செகண்ட் காத்திரு, அதுக்குள்ள மேசை வந்துரும்" என்று டைமரை நம்பி எழுதிய புரோகிராம் இதைவிடப் பெரிய பொய். மேசை வந்து நின்றதற்கு சென்சார் சாட்சி சொன்னால்தான் ரோபோ நகர வேண்டும். ரோபோ ஹோமுக்குப் போனதற்குச் சாட்சி இருந்தால்தான் மேசை சுற்ற வேண்டும்.

கன்ட்ரோலருக்குள்ளேயே ஏழாவது அச்சாகச் சேர்த்தவர்களும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். கியர் விகிதத்தைத் தப்பாகக் கொடுத்தால் கன்ட்ரோலர் மெதுவென்று நினைக்கிற வேகம் வேறு, மேசை ஓடுகிற வேகம் வேறு. திசைக் குறியை மாற்றிக் கொடுத்தால் விலக வேண்டிய மேசை நெருங்கி வரும். என்கோடர் பேட்டரி இறந்து ஜீரோ போய்விட்டால் அது சொல்கிற கோணத்துக்கு அர்த்தமே இல்லை. முதல் ஓட்டத்தை எப்போதும் பொருள் ஏற்றாமல், குறைந்த வேகத்தில், வேலிக்கு வெளியே நின்று செய்யுங்கள்.

நம்மை யாராவது வந்து சோதிப்பார்கள் என்றும் இருந்துவிட முடியாது. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், ஓடுகிற இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று 21ஆம் பிரிவில் சொன்னது. ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்ய நேர்ந்தால் பயிற்சி பெற்றவர், உடலோடு ஒட்டிய உடை அணிந்துதான் செய்ய வேண்டும் என்று 22ஆம் பிரிவில் சொன்னது. லுங்கியும் கழுத்தில் துண்டுமாகச் சுற்றுகிற மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறோம் நாம். மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்று அந்தச் சட்டம் கணக்கு வைத்தது. 2020ஆம் வருடத்துத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கிவிட்டது. நாலு பேர், ஆறு பேர் வேலை செய்கிற ஆத்தூர்ப் பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. அதிகாரி வரமாட்டார். ஓனர் பார்த்தால்தான் உண்டு.

ஐ.டி.ஐ. முடித்து வரும் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்கும் ஒன்று. "கேட் சுவிட்சு தொல்லையா இருக்கு, பைபாஸ் பண்ணிருப்பா" என்று சொல்கிறவர் வயதில் மூத்தவராக இருப்பார், வேலை கொடுத்தவராக இருப்பார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். கதவு தேவையில்லாமல் டிரிப் ஆகிறது என்றால் அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. அது தளர்ந்த கீல், வளைந்த நாக்கு, ஒயரில் ஒரு முறிவு என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். அரை நாளில் சரியாகிவிடும்.

இப்போது புதிதாக மேசை போட அட்வான்ஸ் கொடுத்திருக்கிற ஓனர்கள், மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு விஷயம் கேளுங்கள். ரோபோவும் மேசையும் சேர்ந்த எமர்ஜென்சி சர்க்யூட்டின் வரைபடம் பேனலுக்குள் இருக்கிறதா? மேசை கட்டித் தருபவர் டிரைவின் அமைப்பு எண்களையெல்லாம் எழுதியோ பென்டிரைவிலோ கொடுத்தாரா? கரண்டை நிறுத்திப் போட்டால் மேசை தானாகக் கிளம்புகிறதா? சாக்பீஸ் கோட்டுச் சோதனையின் அளவுகளைத் தமிழில் எழுதி, தேதி போட்டு, பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டினாரா? "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் சார்" என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். மேசையில் உண்மையான ஜிக்கையும் உண்மையான எடையையும் ஏற்றி, ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் ஆளே கேட்டைத் திறந்து, ரோபோவும் மேசையும் இரண்டும் நிற்பதை நீங்கள் நேரில் பார்க்கும் வரை செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.